புருஷன் பேரைச் சொல்லாத ஆயாவும் ஓட்டு கேட்ட ஐரிஷ்காரியும்

கொருக்குப்பேட்டை_குயில்

ஞாயித்துக்கிழமை எங்க தெரு முனை கார்ப்பரேஷன் ஸ்கூல்ல வாக்காளர் பட்டியல் முகாம். பக்கத்து வூட்டு ஆயாவை நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டினு போனேன். வயசு எண்பதைத் தாண்டிடுச்சு. வீடு மாறி வந்ததுல லிஸ்ட்ல பேரு வுட்டுப்போச்சு.

டேபிள்ல காலேஜ் முடிச்ச வயசுல ஒரு பொண்ணு. பேரு கேட்டா, ஆயா கணீர்னு சொல்லிடுச்சு. அடுத்து "வீட்டுக்காரர் பேரு?" ஆயா வெக்கப்பட்டு சிரிக்குது. மனுஷன் செத்து இருவது வருஷம் ஆவுது, இன்னும் வாய்ல பேரு வரல.

"மலை மேல ஆண்டியா நிப்பாரே, அவருமா."

"பழனியா பாட்டி?"

"அது ஊரு. கையில வெச்சினு நிப்பாரு பாரு..."

"வேலு?"

பின்னாடி வரிசையில நின்ன ஒரு அண்ணன் "தண்டபாணி!"ன்னு குரல் குடுத்தாரு. ஆயா தலையை ஆட்டுச்சு. மொத்த வரிசையும் சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா வர்ற வழியில ஆயா ஒண்ணு கேட்டுச்சு: "ஓட்டுப் போடப் போறது நானு. அந்தாளு பேரு எதுக்குடி அவங்களுக்கு?"

பதில் சொல்லத் தெரியல. உங்க யாருக்காவது தெரியுமா?

---

வியாசை_வேங்கை

குயிலக்கா, எங்க ஆயாவும் இதே கேஸு. எங்க தாத்தா பேரு மாணிக்கம். ரேஷன் கடைல கேட்டா "செவப்புக் கல்லு"ன்னும். கடைக்காரரு கடுப்பாயி, "ஆயா, நான் இன்னா நகைக்கடையா வெச்சினுகீறேன்?"ன்னு கேட்டாரு ஒரு தபா.

மேட்டருக்கு வர்றேன். அது அடையாளத்துக்குக் கேக்குறது. ஒரே தெருவுல நாலு லட்சுமி இருந்தா எந்த லட்சுமின்னு எப்டி கண்டுபுடிப்பான்? ஆம்பளைக்கும் அப்பா பேரு கேக்குறாங்கல்ல.

---

பழைய_வண்ணை_டீச்சர்

வேங்கை சொல்வது இன்றைய படிவத்துக்குச் சரி. உறவினர் பெயர் என்றுதான் அதில் கேட்கிறார்கள். அப்பா பெயரும் கொடுக்கலாம், அம்மா பெயரும் கொடுக்கலாம். டேபிளில் இருப்பவர்கள்தான் சேலை கட்டியவரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பெயருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் வரலாறு எடுத்தவள் நான், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்தது. அதற்குப் பட்டியல் தயாரிக்க வீடு வீடாகப் போனபோது வடக்கே பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரை அந்நிய ஆணிடம் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவானது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தப் பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்றார். சரிசெய்ய அவகாசமும் கொடுத்தார். அப்படியும் பெயர் வராமல் கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. நாட்டிலிருந்த பெண் வாக்காளர்கள் மொத்தம் ஏறக்குறைய 8 கோடி.

அங்கே தன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நம் ஆயா தன் பெயரைக் கணீரென்று சொல்லிவிட்டு, புருஷன் பெயரைத்தான் விழுங்குகிறார். எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

மனைவி என்ற தகுதியில்தான் ஓட்டு என்று சட்டமே இருந்த காலமும் உண்டு. அதை எதிர்த்த பெண்கள் இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர் அயர்லாந்திலிருந்து நம் ஊருக்கு வந்து இங்கேயே இறந்தவர், மார்கரெட் கசின்ஸ். கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள்.

---

பெரம்பூர்_பொடியன்

கை தூக்கல டீச்சர். எங்க புக்ல முத்துலட்சுமி ரெட்டி மட்டும்தான் இருந்தாங்க. முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், ரெண்டு மார்க்.

---

கொருக்குப்பேட்டை_குயில்

எனக்கு அந்த அம்மா பேரு தெரிஞ்சதே 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டத்துலதான். சின்னவ பொறந்தப்ப ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரில நர்ஸம்மா "முத்துலட்சுமி பணத்துக்கு எழுதிட்டியா"ன்னு கேப்பாங்க. ரொம்ப நாள் அது யாரோ ஆபீசர் பேருன்னு நெனச்சினு இருந்தேன். சிரிக்காதீங்க.

டீச்சர், நீங்க ஐரிஷ்காரி கதையைச் சொல்லுங்க.

---

பழைய_வண்ணை_டீச்சர்

பிறந்தது 1878, அயர்லாந்தில் பாயில் என்ற சிற்றூர். பிறந்த வீட்டுப் பெயர் மார்கரெட் கில்லெஸ்பி. புராட்டஸ்டண்ட் குடும்பம், பெரிய குடும்பம், இவர்தான் மூத்தவர். டப்ளினில் இசை படித்து 1902-ல் இளங்கலை இசைப் பட்டம் வாங்கினார். பியானோ டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறு வருஷம் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞரோடு கல்யாணம். இரண்டு பேருமே சைவம், இரண்டு பேருக்குமே பிரம்மஞான சபை (தியாசாபிகல் சொசைட்டி, அடையாரில் பெரிய தோட்டத்தோடு இருக்கிறதே, அதுதான்) ஈடுபாடு. அந்தக் கால டப்ளினில் கறி சாப்பிடாத தம்பதி என்றால் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

1908-ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்பவரோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். அயர்லாந்து அப்போது பிரிட்டனுக்குக் கீழே. ஓட்டு கேட்க வேண்டிய பார்லிமென்ட் லண்டனில். 1910 நவம்பரில் அங்கே போனார்கள். பார்லிமென்டை நோக்கி நடந்த பெண்களைப் போலீஸ் அடித்து இழுத்துப்போட்டது. கறுப்பு வெள்ளி என்றே அந்த நாளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பதிலுக்கு இவர்கள் அமைச்சர்கள் வீட்டுச் சன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். மார்கரெட்டுக்கு ஹாலோவே சிறையில் ஒரு மாதம்.

1913 ஜனவரியில் மறுபடி. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கொடுக்கும் மசோதா வருகிறது, அதில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை. டப்ளின் கோட்டைச் சன்னல்களை உடைத்தார்கள். இன்னொரு மாதம், இந்தத் தடவை டுல்லமோர் சிறை. எங்களைத் திருடிகளோடு சேர்க்காதே, அரசியல் கைதி என்று நடத்து என்று பட்டினி கிடந்து, கேட்டதை வாங்கினார்கள்.

கவனியுங்கள், நாட்டு விடுதலைக்குப் போராடிய ஆண்களே "முதலில் நாடு, உங்கள் ஓட்டு அப்புறம்" என்று இவர்களிடம் சொன்னவர்கள்தான். இந்த வசனம் நமக்கும் பழக்கமானதுதானே.

---

வியாசை_வேங்கை

பியானோ டீச்சர் கண்ணாடி ஒடச்சு ரெண்டு தபா உள்ள போயிட்டு வந்துச்சா! எங்க ஏரியால பொறந்திருக்க வேண்டிய ஆளு டீச்சர்.

---

ராயபுரம்_டு_அடையார்

இதுல நான் கொஞ்சம் சேர்க்கிறேன். கல்யாணமாகி அடையார் பக்கம் வந்து பன்னெண்டு வருஷம். பேருலதான் அடையார், ஞாயித்துக்கிழமை மீன் வாங்க இன்னும் காசிமேடுதான்.

1915-ல ரெண்டு பேரும் கப்பல் ஏறி வந்தாங்க. கணவருக்கு, பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் நடத்துன நியூ இந்தியா பத்திரிகைல வேலை. 1916-ல டப்ளின்ல பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா ஈஸ்டர் எழுச்சி நடக்குது, கலகக்காரங்களைச் சுட்டுக் கொன்னாங்க. இவரு அவங்களைப் பாராட்டி எழுதிட்டாரு. பெசன்ட் அம்மையார் இவரைப் பத்திரிகையிலேருந்து எடுத்துட்டு, மதனப்பள்ளி (இப்ப ஆந்திரால இருக்கு) காலேஜுக்கு அனுப்பிட்டாங்க. மார்கரெட் அங்க இங்கிலீஷ் பாடம் எடுத்தாங்க.

1917 மே மாசம் அடையார்ல இந்திய மாதர் சங்கம் ஆரம்பிச்சாங்க. பெசன்ட் தலைவர். வேலையெல்லாம் மார்கரெட்டும் டோரதி ஜினராஜதாசாவும். ஸ்த்ரீ தர்மம்னு ஒரு பத்திரிகை வேற.

எனக்குப் புடிச்ச கதை அந்த டிசம்பர்ல நடந்தது. இந்தியாவுக்கு என்ன அதிகாரம் குடுக்கலாம்னு விசாரிக்க மாண்டேகுன்னு லண்டன் மந்திரி வர்றாரு. மார்கரெட் பெண் கல்வி பத்திப் பேசணும்னு நேரம் கேட்டு எழுதுறாங்க. அரசியல் விஷயமா இருந்தாத்தான் பார்ப்பாருன்னு பதில் வருது. அப்படியா, இந்தா அரசியல்னு ஓட்டுரிமையைச் சேர்த்து எழுதிட்டாங்க! சரோஜினி நாயுடு தலைமையில பெண்கள் குழு சென்னைல அவரைப் பார்த்துச்சு. இந்தியாவுல பெண்ணுக்கு ஓட்டு வேணும்னு இப்படிக் குழுவா வந்து அரசாங்கத்துகிட்ட கேட்டது அதுதான் முதல் தடவை. கவர்மென்ட் ஆபீஸ்ல "இந்த பாரம் செல்லாது"ன்னு சொன்னா அதே பாரத்துல வழி கண்டுபுடிக்கிற நம்ம ஊரு அம்மாக்கள் மாதிரி இல்ல?

அப்புறம் நம்ம தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டதும் இவங்கதான். தாகூர் 1919-ல மதனப்பள்ளிக்கு வந்தப்ப.

---

பெரம்பூர்_பொடியன்

ஒரு நிமிஷம் அக்கா. ஜன கண மன 1911 டிசம்பர்லயே கல்கத்தா காங்கிரஸ்ல பாடியாச்சே. அப்ப மெட்டு இல்லாமலா பாடினாங்க?

---

ராயபுரம்_டு_அடையார்

பொடியன் புடிச்சுட்டான். சரிதான்பா, மெட்டு தாகூரோடது. அவர் பாடக் கேட்டு அதை இசைக்குறிப்பா எழுதி ஒழுங்குபடுத்துனது மார்கரெட். பாட்டை இங்கிலீஷ்லயும் தாகூர் அங்கதான் எழுதிக் குடுத்தாரு. நான் ஒரு ஸ்டெப் அதிகமா போயிட்டேன்.

---

பின்னி_பேரன்

ரெண்டு நாளா படிச்சுட்டு வாயை மூடினு இருந்தேன். கதை நல்லா இருக்கு. ஆனா அடையார்ல இறங்கி சைதாப்பேட்டையோட நின்னுடுது. கோட்டைக்கு வடக்கே வந்து பாருங்க.

1921 ஏப்ரல்ல மாகாண சட்டசபை பெண்ணுக்கு ஓட்டுன்னு தீர்மானம் போட்டுச்சு. பனகல் அரசர் ஆட்சி. பிரிட்டிஷ் மாகாணங்கள்ல சென்னைதான் முதல்னு மார் தட்டிக்குவோம். சரி. அதே 1921-ல பெரம்பூர்ல என்ன நடந்துச்சு? பக்கிங்காம் கர்நாடிக் மில்லுல வேலைநிறுத்தம், மாசக்கணக்கா. எங்க கொள்ளுத்தாத்தா தறியில நின்னவரு. ஜூன் கடைசியில புளியந்தோப்பு பத்தி எரிஞ்சுது. தொழிலாளியை சாதியா பிரிச்சு, ஒருத்தன் குடிசையை ஒருத்தன் கொளுத்தி, நடுவுல போலீஸ் சுட்டுச்சு. குழந்தைங்களைத் தூக்கினு ஓடுன பொம்பளைங்க இருந்தாங்களே, அவங்கள்ல எத்தினி பேருக்கு அந்த ஏப்ரல் மாசத்து ஓட்டு?

பூஜ்யம்னு சொன்னா பெரிய தப்பாவாது. ஏன்னா அது சொத்து இருக்கிறவங்களுக்கான ஓட்டு. வீட்டு வரி கட்டணும், நில வரி கட்டணும், இல்ல வருமான வரி. ஆம்பளைலயே கொஞ்சம் பேருக்குத்தான். பொம்பளைல சொத்து யாரு பேருல இருந்துச்சு? மாகாணம் பூரா பார்த்தா வயசு வந்த பெண்கள்ல நூத்துக்கு ஒருத்தி கணக்கு. அந்த ஒருத்தி புளியந்தோப்புல இல்ல.

மார்கரெட் அம்மா நல்லவங்களா இருக்கலாம். எங்க வூட்டு பொம்பளைக்கு ஓட்டு வாங்கிக் குடுத்தவங்கன்னு மட்டும் சொல்லாதீங்க.

---

வியாசை_வேங்கை

இன்னாபா பேரன், ஒரே வெட்டா வெட்டிட்ட. டீச்சர் எங்க?

---

பழைய_வண்ணை_டீச்சர்

இங்கேதான் இருக்கிறேன், குழம்பைத் தாளித்துவிட்டு வந்தேன்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம், பேரன் கோபப்பட வேண்டாம். 1921 ஏப்ரலில் முதன்மை அமைச்சர் சுப்பராயலு ரெட்டியார். பனகல் அரசர் அந்தப் பதவிக்கு வந்தது ஜூலையில். கட்சி ஒன்றுதான், நீதிக்கட்சி. பெண்கள் உண்மையில் வாக்குச்சாவடிக்குப் போனது 1923 தேர்தலில்.

நூற்றுக்கு ஒருத்தி என்பதை நான் மறுக்கவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது நானே சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பேன். ஆனால் அந்தத் தீர்மானத்தின் வாசகத்தைப் பாருங்கள். ஆணுக்கு என்ன தகுதியோ பெண்ணுக்கும் அதே தகுதி. யாருடைய மனைவி என்ற கேள்வியே கிடையாது. அந்த ஏப்ரலில் மார்கரெட் பிறந்த நாட்டில் நிலைமை என்ன தெரியுமா? 1918-ல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பெண்ணுக்குக் கொடுத்த ஓட்டு முப்பது வயதைத் தாண்டியவளுக்குத்தான். அதிலும் அவளுக்கு வீடோ நிலமோ இருக்க வேண்டும், அல்லது இருக்கிறவனின் மனைவியாக இருக்க வேண்டும். ஆணுக்கு இருபத்தொன்று போதும். அயர்லாந்து சுதந்திர அரசானபோது, 1922-ல்தான் அங்கே இது சமமானது. பிரிட்டனில் 1928 வரை ஆனது. ஆக, சன்னல் உடைத்தும் வாங்க முடியாத சமத்துவத்தை மார்கரெட் நம் கோட்டையில் முதலில் பார்த்திருக்கிறார், மிகச் சிறிய வட்டத்துக்குள் என்றாலும்.

குயிலின் ஆயா கேள்வி இதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. 1930-களின் தொடக்கத்தில் இன்னும் கொஞ்சம் பெண்களைச் சேர்க்கலாம் என்று லண்டன் யோசித்தது. எப்படிச் சேர்ப்பது? படிப்பு இருந்தால் சேர், இல்லையென்றால் சொத்துள்ளவன் மனைவி என்றால் சேர். தங்கள் ஊரில் 1918-ல் தைத்த சட்டையையே நமக்கும் மாட்டப் பார்த்தார்கள். மாதர் சங்கம், அகில இந்தியப் பெண்கள் மாநாடு, இன்னொரு தேசியப் பெண்கள் அமைப்பு, மூன்றும் சேர்ந்து 1931-ல் மனு கொடுத்தன. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, சொத்து, படிப்பு, மனைவி என்று எந்தத் தனித் தகுதியும் வேண்டாம் என்று. பேரன், "எல்லோருக்கும்" என்றால் புளியந்தோப்புக்கும் சேர்த்துத்தான். லண்டன் கேட்கவில்லை. 1935 சட்டத்தில் மனைவித் தகுதி உள்ளே வந்துவிட்டது. ஓட்டுக்குப் புருஷன் பெயரைக் கேட்கும் வழக்கம் இந்த மண்ணில் சட்டமாக உட்கார்ந்தது அப்போதுதான்.

---

கொருக்குப்பேட்டை_குயில்

டீச்சர், அப்ப அந்தச் சட்டப்படி புருஷன் செத்தா ஓட்டு போயிடுமா?

---

பழைய_வண்ணை_டீச்சர்

சொத்துள்ளவன் விதவைக்கு இடம் வைத்திருந்தார்கள் அம்மா. சொத்தில்லாதவன் மனைவிக்கு அவன் இருந்தாலும் கிடையாது, போனாலும் கிடையாது.

---

பின்னி_பேரன்

1931 மனு விஷயம் தெரியாது டீச்சர். திருத்திக்கிறேன். ரெட்டியார் விஷயமும்.

ஆனாலும் மனசு முழுசா ஒப்பல. அதே அடையார் கூட்டத்துல வாடியான்னு ஒருத்தர். பி.பி. வாடியா, பம்பாய் பார்சி, நியூ இந்தியா பத்திரிகைக்காரரு. 1917-ல பெசன்ட் அம்மையாரோட சேர்த்து அரசாங்கம் இவரையும் ஊட்டியில வீட்டுக்காவல்ல வெச்சுது. அவரு பெரம்பூர் வந்து மில்லுக்காரங்க கஷ்டம் கேட்டு, 1918 ஏப்ரல் 27-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாரு. திரு.வி.க. கூட நின்னாரு. இந்தியாவுலயே முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கம்னு அதைத்தான் சொல்றாங்க. ஒரே தோட்டத்துலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள கெளம்பின ரெண்டு சங்கம். ஒண்ணு எங்க மில் கேட்டுக்கு வந்து நின்னுச்சு. இன்னொண்ணு மந்திரியைப் பார்க்கப் போச்சு. மாதர் சங்கத்துல இருந்தவங்க பெரும்பாலும் வக்கீல் வீட்டம்மா, டாக்டர் வீட்டம்மா. அதைத்தான் சொல்றேன்.

---

ராயபுரம்_டு_அடையார்

மந்திரியைப் பார்க்கப் போனதோட நிக்கலையே பேரன். 1926-ல பெண்கள் சட்டசபைக்கு நிக்கலாம்னு விதி வந்ததும், கமலாதேவி சட்டோபாத்யாயாவை நில்லுன்னு தள்ளி விட்டது மார்கரெட்தான். மங்களூர் தொகுதி. கூடவே போய் பிரசாரம் பண்ணாங்க. கொஞ்சம் ஓட்டுல தோத்துட்டாங்க. முத்துலட்சுமி அம்மா நியமன உறுப்பினரா உள்ள போனது அதே நேரத்துலதான், 1927-ல சபைத் துணைத்தலைவரும் ஆனாங்க. தேவதாசி முறையை எதிர்த்து மசோதா கொண்டு வந்தது அந்த நாற்காலியிலேருந்து. 1930-ல காந்தியைக் கைது பண்ணதும் பதவியைத் தூக்கிப் போட்டுட்டாங்க. பொடியா, ரெண்டு மார்க்குக்குள்ள இதெல்லாம் அடங்குமா?

சைதாப்பேட்டைன்னு குத்திக் காட்டுனீங்களே, அங்க மார்கரெட் கௌரவ மாஜிஸ்திரேட்டா உக்காந்தாங்க, 1922-ல. இந்தியாவுல முதல் பெண் மாஜிஸ்திரேட். பத்து வருஷம் கழிச்சு என்ன ஆச்சு? பேச்சுரிமையை நசுக்குற அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசினதுக்கு அவங்களையே ஒரு வருஷம் உள்ள தள்ளினாங்க. வேலூர் ஜெயில். லண்டன்ல ஒண்ணு, அயர்லாந்துல ஒண்ணு, வேலூர்ல ஒண்ணு. நாற்காலியில உக்காந்து தண்டனை குடுத்த அம்மா, மூணாவது தடவை கைதி.

---

புயல்_1947

எல்லாம் வெள்ளைக்காரி பெருமை. நம்ம பெண்களுக்கு இவங்க வந்துதான் சொல்லிக் குடுக்கணுமா? அடையார் கும்பல் மொத்தமும்… (மீதி நீக்கப்பட்டது)

---

மட்டுறுத்துநர்

புயல், கேள்வி வரைக்கும் சரி. அதுக்கு அப்புறம் எழுதினது விதிமீறல். எடுத்துட்டேன். ஆளைத் திட்டாம பேசுங்க.

---

பழைய_வண்ணை_டீச்சர்

நீக்கப்படாத பாதிக்குப் பதில் சொல்கிறேன், அந்தக் கேள்வி நியாயமானது. அடையாரில் சில தமிழ்ப் பெண்கள் ஏற்கனவே தமிழ் மாதர் சங்கம் என்று கூடிக்கொண்டிருந்தார்கள். அந்த விதையிலிருந்துதான் இந்திய மாதர் சங்கம் வளர்ந்தது. வந்தவர்கள் வெறும் நிலத்தில் கட்டவில்லை. இன்னொன்று, இந்தியப் பெண்களே முன்னால் வந்துவிட்டார்கள், இனி நான் நேரடியாக நிற்கத் தேவையில்லை என்று மார்கரெட்டே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். வந்த வீட்டில் எப்போது எழுந்துகொள்வது என்று தெரிவதும் ஒரு பண்பு. என் அனுபவத்தில் அது தலைவர்களுக்கு மட்டுமல்ல, மாமியார்களுக்கும் அபூர்வம்.

அந்தப் புத்தகம் கணவனும் மனைவியும் மாறி மாறி எழுதியது. "நாங்கள் இருவரும் சேர்ந்து" என்ற பொருளில் தலைப்பு. 1950-ல் வந்தது. இன்னாரின் மனைவி என்றால் ஓட்டு என்பதற்கு எதிராக நின்றவர், புருஷனோடு சரிபாதி அட்டையில் பெயர் போட்டுக்கொண்டார். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை.

கடைசி வருஷங்கள் கஷ்டம். 1940-களின் நடுவில் பக்கவாதம் அடித்தது. பணமும் இல்லை. சென்னை அரசு உதவியது, பிறகு நேருவும் உதவினார். 1954 மார்ச் 11 அன்று இறந்தார். ஆக, பேரன் கேட்கும் பெண்கள் ஓட்டுப் போட்ட அந்த முதல் தேர்தல் நடந்தபோது உயிரோடு இருந்திருக்கிறார்.

---

மீன்சந்தை_மணி

ரொம்ப நேரமா படிக்கிறேன். அந்தத் தேர்தல் பத்தி எங்க அப்பாவோட அம்மா சொன்னதைச் சொல்றேன், வரலாறு புக்குல இருக்காது.

ஆயாவுக்கு அப்ப இருவத்தி ரெண்டோ மூணோ. விடிகாலைல ஏலம் முடிஞ்சு கூடையைத் தூக்கினு தெருத்தெருவா வித்துட்டு, வூட்டுக்குப் போயி குளிச்சுட்டு ஓட்டுப் போடப் போச்சாம். மீன் நாத்தத்தோட போவக் கூடாதுன்னு மஞ்சத் தேச்சுக் குளிச்சேன்டான்னும். உள்ள போனா ஒரே பொட்டியா கீதாம். இப்ப மாதிரி மெஷின்ல பட்டன் அமுக்குறது இல்ல. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பொட்டி, பொட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். ரெட்டக்காளை, குடிசை, கதிர் அரிவாள் அப்படி. குடுத்த சீட்டை எந்தப் பொட்டில போடுறமோ அவனுக்கு ஓட்டு. "யாருக்குப் போட்ட ஆயா?"ன்னு சாவுற வரைக்கும் கேட்டுப் பார்த்தோம். தாத்தாவுக்கே சொல்லல. "அவரு காளை மாட்டுக்குப் போடச் சொன்னாரு. நான் எதுக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும், பொட்டிக்குத் தெரியும்"னும்.

---

பின்னி_பேரன்

மணி அண்ணே, செம.

எங்க வூட்டுல முதல் ஓட்டுப் போட்ட பொம்பளை யாருன்னு அம்மாகிட்ட கேக்கணும். இத்தினி வருஷம் கொள்ளுத்தாத்தா ஸ்ட்ரைக் கதையே கேட்டுட்டேன், கொள்ளுப்பாட்டி பேரே எனக்குத் தெரியாதுன்னு இப்பதான் ஒறைக்குது.

---

வியாசை_வேங்கை

கேட்டுட்டு வந்து இங்க போடு பேரன். உன் கொள்ளுப்பாட்டிக்காவ நான் வெயிட்டிங்.

---

பெரம்பூர்_பொடியன்

டீச்சர், காலேஜ் செமினாருக்கு மார்கரெட் கசின்ஸ் எடுத்துக்கவா? 1921 தீர்மானமும் மில் ஸ்ட்ரைக்கும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசலாம்னு இருக்கேன். பேரன் அண்ணனைக் கேள்வி கேட்க விடக் கூடாது, அது மட்டும்தான் கண்டிஷன்.

---

பழைய_வண்ணை_டீச்சர்

எடுத்துக்கொள் தம்பி. மில் கதையை விட்டுவிடாதே. தேசிய கீத மெட்டு விஷயத்தைக் கவனமாகச் சொல். முடிந்தால் பேரனை முதல் வரிசையில் உட்கார வை.

---

கொருக்குப்பேட்டை_குயில்

எல்லாருக்கும் ஒரு அப்டேட். ஆயாவுக்குப் பேரு வந்துடுச்சு. இன்னைக்கு லிஸ்ட்ல பார்த்தோம். வயசு சரி, கதவு நம்பர் சரி, ஆயா பேரு எழுத்துப்பிழை இல்லாம கீது. கணவர் பெயர்: பழனி.

அந்தப் பொண்ணு தண்டபாணி வர்றதுக்கு முன்னாடியே பழனின்னு தட்டி முடிச்சிருக்கு.

ஆயாகிட்ட படிச்சுக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரிச்சுது. "அந்தாளு உசுரோட இருந்தா இந்நேரம் சண்டைக்குப் போயிருப்பாரு. என் பேரு ஒழுங்கா கீதில்ல?"

---

வியாசை_வேங்கை

ஐயோ ஆயா! படிவம் 8 போடுங்கக்கா, திருத்தத்துக்கு அதான். தாத்தாவோட பழைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கீதா?

---

பழைய_வண்ணை_டீச்சர்

படிவம் 8 தான். ஆனால் குயில், திருத்தும்போது ஆயாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உறவு என்ற இடத்தில் அவங்க அம்மா பெயரைப் போட்டுக்கொள்ளவும் இடமிருக்கிறது.

---

கொருக்குப்பேட்டை_குயில்

கேட்டேன் டீச்சர். "எங்கம்மா பேரு போட்டா இன்னொரு தபா வரிசையில நிக்கணுமா?"ன்னுச்சு. ஆமாம்னேன். யோசிச்சு சொல்றேன்னு வெத்தலை இடிக்கப் போயிடுச்சு. அடுத்த முகாம் ஞாயித்துக்கிழமை, பத்து மணிக்கு.